கூடம் கோணலா? – சிறுவர் மரக்கார்ப் பந்தயத் தடம் அமைக்கும் முறை

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. தோற்றவர் சொல்லும் சாக்குக்கு இதைவிடப் பொருத்தமான விடை இல்லை. ஆனால், நண்பர்களே, கூடம் உண்மையிலேயே கோணலாய் இருந்துவிட்டால்? அப்போது அந்த ஆட்டக்காரிக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? கூடத்தைக் கட்டிய கொத்தனார் அல்லவா?

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு ஊர் போக இயலாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட நாங்கள் நால்வர், குடியிருப்பில் உள்ள குழந்தைகளுக்காக ஒரு மரக்கார்ப் பந்தயம் நடத்தினோம். தடத்தை நாங்களே செய்தோம். கார்களைக் குழந்தைகள் செய்தார்கள். பன்னிரண்டு கார்கள். சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் பெரியவரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, மஞ்சள் வண்ணம் பூசிய காருடன் வந்தாள். முதற் சுற்றிலேயே கடைசியாக வந்து வெளியேறினாள். அழவில்லை. எங்களிடம் வந்து, "அண்ணா, என் வண்டி நல்ல வண்டிதான். அந்தப் பாதைதான் சரியில்லை. அது மட்டும் 'டக்'குன்னு சத்தம் போடுது" என்றாள். நாங்கள் சிரித்தோம். எங்களில் ஒருவர் மேலே சொன்ன பழமொழியையும் எடுத்து வீசினார்.

அன்று மாலை பரிசெல்லாம் கொடுத்து முடித்தபின், தடத்தைக் கழற்றுமுன் விளையாட்டாக நாங்களே சில கார்களை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் பாதையில் எந்தக் காரை விட்டாலும் அது பின்தங்கியது. பரிசு பெற்ற காரும் அங்கே தோற்றது. குனிந்து பார்த்தபோது, இரண்டாம் பலகையும் மூன்றாம் பலகையும் சேரும் இடத்தில் அந்தப் பாதையின் நடுச்சட்டம் ஒரு நூலளவு விலகி நின்றது தெரிந்தது. அவள் காதுக்குக் கேட்டது எங்கள் கண்ணுக்குப் படவில்லை!

அந்தப் பிழையிலிருந்து கற்ற பாடமே இக்கட்டுரை. நம் மன்ற நண்பர்கள் எவரேனும் இத்தகைய தடம் அமைக்க விரும்பினால், எங்களைப் போல் ஒரு குழந்தைக்கு அநீதி செய்யாமல் தப்பலாம் அல்லவா?

விளையாட்டின் பிறப்பு

இவ்விளையாட்டின் தாயகம் அமெரிக்கா. அங்கே 1933-இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், மைரன் ஸ்காட் என்ற செய்தித்தாள் புகைப்படக்காரர், சிறுவர்கள் தாங்களே செய்த பெட்டி வண்டிகளில் ஏறிச் சரிவில் உருண்டு வருவதைக் கண்டு, அதை ஒரு பந்தயமாக்கினார். அதுவே 'சோப் பாக்ஸ் டெர்பி'. 1934-இல் அது தேசியப் பந்தயமாயிற்று. அடுத்த ஆண்டே ஆக்ரன் நகருக்கு மாறியது. ஆனால் அதில் சேரக் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு.

கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற கடற்கரை ஊரில் டான் மர்ஃபி என்பவர் சாரணச் சிறுவரான 'கப்'களின் தலைவராக இருந்தார். அவருடைய மகனுக்கு அந்தப் பெரிய பந்தயத்தில் சேரும் வயது வரவில்லை. மகனின் ஏமாற்றத்தைக் கண்ட தந்தை, வண்டியைக் கையடக்கமாகச் சுருக்கினார். ஒரு துண்டுப் பைன் மரம், அச்சுக்கு ஆணிகள், நான்கு சக்கரங்கள், சரிவான ஒரு மரத்தடம்: இவ்வளவே மூலதனம். தந்தையும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் கைவேலையாகவும், தோல்வியைத் தாங்கப் பழக்கும் பயிற்சியாகவும் அது இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. முதற் பந்தயம் 1953 மே 15-ஆம் நாள் நடந்தது. முதலில் வந்த காரைக் காட்ட, மின்கலத்தில் இயங்கும் வாசல்மணிப் பொறியைத் தடத்தின் முடிவில் பொருத்தியிருந்தார்கள். 1954 அக்டோபரில் 'பாய்ஸ் லைஃப்' என்ற சாரணர் இதழ் இதன் திட்டப்படங்களை வெளியிட்டது. விளையாட்டு நாடெங்கும் பரவியது. 'பைன்வுட் டெர்பி' என்பது அதன் பெயர். 2018 முதல் அங்கே சிறுமியரும் 'கப்' அணிகளில் சேர்ந்து இதில் கலந்துகொள்கிறார்கள்.

கலிலியோவின் பலகை

விளையாட்டு புதிது, ஆனால் அதன் விஞ்ஞானம் பழையது. 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ, ஏறக்குறைய 12 முழ நீளமுள்ள ஒரு மரச்சட்டத்தில் நேரான பள்ளம் வெட்டி, அதை வழவழப்பாக்கி, உள்ளே தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்ட சோதனையை விவரிக்கிறார். துல்லியமான கடிகாரம் இல்லாத அக்காலத்தில், ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாய் ஒழுகிய நீரை நிறுத்தே நேரத்தைக் கணக்கிட்டார். கடந்த தூரம், நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று கண்டார்.

ஏன் சாய்பலகை? நேரே விழும் பொருள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் விழுந்துவிடுகிறது. சாய்வில் உருட்டினால் புவியீர்ப்பின் ஒரு பங்குதான் அதை முன்னே தள்ளும். மோரில் நீர் கலப்பதுபோல் ஈர்ப்பை நீர்க்கச் செய்வதே சாய்பலகையின் வேலை. நாம் கட்டப்போகும் தடமும் அதுவே. கலிலியோ பள்ளத்தை ஏன் அத்தனை கவனமாய் இழைத்தார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் குண்டு ஒரு முறை தடுக்கியிருந்தால், அந்தச் சோதனை குண்டைப் பற்றிப் பேசியிராது. பள்ளத்தைப் பற்றித்தான் பேசியிருக்கும்.

காரின் அளவுகள்

தடத்தின் அளவு காரின் அளவைப் பொறுத்தது. அமெரிக்க விதிப்படி கார் 7 அங்குல நீளமும், சக்கரங்களோடு சேர்த்து 2¾ அங்குல அகலமும் மிகாமல் இருக்கவேண்டும். எடை 5 அவுன்சுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு, மேற்படக்கூடாது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 1¾ அங்குலம். காரின் அடிவயிறு தரையிலிருந்து ⅜ அங்குலம், நம் ஆசாரிகள் கணக்கில் மூன்று நூல், உயர்ந்து நிற்கவேண்டும்.

வயல் வரப்பின் இருபுறமும் கால் வைத்து நடப்பவனைப்போல், கார் தன் சக்கரங்களை ஒரு நடுச்சட்டத்தின் இருபுறமும் வைத்து ஓடுகிறது. அந்த நடுச்சட்டத்தின் அகலம் 1⅝ அங்குலம்; உயரம் கால் அங்குலம். சக்கர இடைவெளியோடு ஒப்பிட்டால், மிஞ்சுவது மொத்தம் ஒரே ஒரு நூல். எங்கள் சட்டம் விலகியதும் ஒரு நூல்தான். இப்போது புரிகிறதா, அந்த 'டக்' எங்கிருந்து வந்தது என்று?

பலகைகளை அறுத்தல்

நான்கு பாதைகள் உள்ள 32 அடித் தடத்துக்கு வேண்டியவை: 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இரண்டு, அதே அளவில் 6 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்று, அடிச்சட்டங்களுக்கு 2 அங்குலத்துக்கு 1 அங்குல மரச்சட்டம், வச்சிரம், திருகாணி, உப்புத்தாள், வார்னிஷ்.

தடித்த பலகை ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக அறுத்தால், ரம்பம் தின்றது போக, ஏறக்குறைய 16 அங்குல அகலத்தில் மொத்தம் ஆறு துண்டுகள் கிடைக்கும். நான்கு தடத்துக்கு, மற்ற இரண்டு வளைவின் தாங்கிகளுக்கு. மெல்லிய பலகையிலிருந்து 1⅝ அங்குல அகலத்தில் பதினாறு நடுச்சட்டங்கள் அறுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சில மிஞ்சும். அவற்றை எறிந்துவிட வேண்டா. கோணியவற்றுக்கு மாற்றாக அவை பயன்படும்.

தட்டையான பலகைகளின் அடியில், இரு ஓரங்களிலும் அடிச்சட்டங்களைக் குத்துவாட்டில் நிறுத்தித் திருகுக. இல்லையேல் பலகை நடுவில் தொய்யும். எல்லா மரவேலையும் முடிந்ததும், மேல்முகம் கீழ்முகம் இரண்டிலும் வார்னிஷ் பூசவேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால், மறுமுகம் மழைக்கால ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும். பலகை முதுகு வளைந்துவிடும். வடநாட்டின் மழைக்கும் மே மாத வெயிலுக்கும் இடையே ஒரு மரச்சாமான் படும் பாட்டை விடுதிக் கதவுகளே நமக்குச் சொல்லும்.

சரிவும் வளைவும்

முதற் பலகை நேர்ச்சரிவு. அதன் மேல்நுனி தரைத்தடத்திலிருந்து 48 அங்குல உயரத்திலும், கீழ்நுனி 16 அங்குல உயரத்திலும் நிற்கட்டும். 96 அங்குல நீளத்தில் 32 அங்குல இறக்கம். மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உராய்வை நீக்கிப் பார்த்தால், காரின் முடுக்கமும் புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கே.

இரண்டாம் பலகை வளைவு. சரிவிலிருந்து தரைக்குக் கார் மெல்ல இறங்கவேண்டும். சரிவும் தட்டையும் முனை கொண்டு சந்தித்தால் காரின் மூக்கு இடிக்கும், அல்லது கார் துள்ளித் தடம் விட்டுப் போகும். இவ்வளைவு 23½ அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. விடுதித் தாழ்வாரத்தில் அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, நுனியில் பென்சில் கட்டித் தாங்கிப் பலகையின்மேல் வில்லை வரையலாம். சரிபார்க்க ஓர் எளிய வழி: வில்லின் இரு நுனிகளையும் நூலால் இணைத்தால், நடுவில் தொய்வு சுமார் 4 அங்குலம் இருக்கவேண்டும். நுனிகளில் 6 அங்குலமும் நடுவில் 2 அங்குலமும் உயரமுள்ள மூன்று தாங்கிகளை அறுத்து, அவற்றின்மேல் பலகையை வளைத்து, வச்சிரமும் திருகாணியும் இட்டுப் பொருத்துக. 12 மில்லிமீட்டர்ப் பலகை இந்த அளவு வளைவை எளிதில் தாங்கும். வளைவுக்குரிய நடுச்சட்டங்களைப் பலகை வளைந்தபின்னரே ஒட்டவேண்டும்.

மூன்றாம் நான்காம் பலகைகள் தட்டை. முடிவுக் கோட்டைக் கடைசி நுனிக்கு 2 அடி முன்னதாக இடுக. பலகை முடியும் இடத்தில் ஒரு பழைய மெத்தையைச் சுருட்டி வைப்பது கட்டாயம். ஏனெனில் அங்கே கார் விநாடிக்கு ஏறக்குறைய 4.8 மீட்டர் வேகத்தில் வரும். பந்தயம் முழுதும் முடிய மூன்று விநாடி ஆகும், அவ்வளவே. அந்த மூன்று விநாடிக்காக ஒரு குழந்தை மூன்று வாரம் உழைத்திருக்கும்.

நடுச்சட்டமும் பொருத்துகளும்

இதுவே முதன்மையான பகுதி. பலகையின் நெடுகிலும் நான்கு நடுக்கோடுகள் வரைந்துகொள்க. ஒன்றுக்கொன்று 4 அங்குல இடைவெளி. அளவை ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியே எடுத்தல் தவறு. நாங்கள் செய்தது அதைத்தான். ஓர் அட்டை வார்ப்பு வெட்டி, நான்கு பலகைகளின் எட்டு நுனிகளிலும் அதே வார்ப்பை ஒரே ஓரத்திலிருந்து வைத்துக் குறிக்கவேண்டும். அளவுகோல் எட்டு முறை எட்டு விதமாகப் பேசலாம். வார்ப்பு ஒரே விதமாகத்தான் பேசும்.

சட்டத்தை வச்சிரத்தால் ஒட்டி, அடிப்புறமிருந்து சிறு திருகாணிகளால் இறுக்குக. மேலே ஆணித்தலை எதுவும் தெரியலாகாது. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கூர்மை போக்குக. ஒவ்வொரு சட்டத்திலும் கார் நுழையும் முனையை மட்டும் இரு பக்கமும் இம்மியளவு சாய்த்துச் சீவினால், மிகச் சிறு விலகல் இருந்தாலும் சக்கரம் இடிக்காமல் வழுக்கி நுழையும்.

பலகைகள் கழற்றி மாட்டக்கூடியனவாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பொருத்திலும் குறுக்குச்சட்டம் ஒன்றை இரு பலகைகளின் நுனியடியிலும் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடியே துளையிடுக. இரண்டு துளைகளில் மரமுளைகள், இரண்டில் மரையாணிகள். முளை இடத்தைக் காக்கும். மரையாணி இறுக்கத்தைக் காக்கும். நாங்கள் மரையாணி மட்டுமே போட்டோம். துளைக்குள் ஆணி ஆடிற்று. பலகை ஒரு நூல் நகர்ந்தது. ஒரு குழந்தை தோற்றது.

மாட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் ஒவ்வொரு பொருத்தையும் தடவிப் பாருங்கள். கண் காணாததை விரல் காணும். தட்டைப் பகுதியில் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். தடம் ஒரு பக்கம் சாய்ந்தால் கார்கள் அப்பக்கமாகவே உரசி ஓடும்.

தொடக்கத்தில் கார்களைத் தடுத்து நிறுத்த நான்கு உருளைக்குச்சிகள் வேண்டும். நான்கும் கீல் பொருத்திய ஒரே சட்டத்தில் முளைத்திருக்கவேண்டும். அப்போதுதான் நான்கும் ஒரே கணத்தில் விழும். சட்டத்தைச் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றால் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டால், கொண்டியை எடுத்தவுடன் குச்சிகள் கார்களைவிட விரைந்து விலகிவிடும்.

எடை கூடினால் வேகம் கூடுமா?

எல்லாப் பொருளும் ஒரே விதமாகத்தான் விழும் என்று பள்ளியில் படித்தோம். பின் ஏன் குழந்தைகள் காரில் ஈயத்தைச் செருகி எடையை 5 அவுன்சு வரை ஏற்றுகிறார்கள்?

காற்றின் தடை காரின் உருவத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. ஒரே உருவமுள்ள இரு கார்களுள் கனமானது கையில் வைத்திருக்கும் ஆற்றல் மிகுதி. காற்றுக்குக் கட்டும் வரி ஒன்றே. சக்கரங்களைச் சுழற்றச் செலவாகும் பங்கும் கனமான காரில் சிறிது. ஆகவே கனமான கார் சற்றே முந்தும். எடையைப் பின்பக்கம் வைத்தாலும் சிறு ஆதாயம் உண்டு. நம் சரிவில் எடை மையத்தை 3 அங்குலம் பின்னே தள்ளினால், அது 1 அங்குலம் உயர்ந்து நிற்கும். 48 அங்குலத்தில் ஓர் அங்குலம் கூடினால் வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். அச்சில் இடும் கிராபைட்டுத் தூள் இவையனைத்தையும்விட மிகுதியாக உதவலாம். இவையெல்லாம் குழந்தையின் திறமைக்கு உரியவை. தடம் அவற்றின் குறுக்கே வரலாகாது.

கோணல் யாருடையது?

இனி, எங்கள் பழமொழிக்கு வருவோம். ஒரு கார் தோற்றால், குறை காரிலா, பாதையிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி எளிது. இரு கார்களை இரு பாதைகளில் விடுங்கள்; பிறகு பாதையை மாற்றி விடுங்கள். இரு முறையும் ஒரே கார் வென்றால், வெற்றி காருடையது. இரு முறையும் ஒரே பாதை வென்றால், கோணல் கூடத்தினுடையது. இவ்வாறே ஒவ்வொரு பாதையையும் மற்றவற்றோடு, ஐந்தாறு தடவை, பந்தயத்துக்கு முன்பே சோதிக்கவேண்டும்.

பந்தயத்திலும் எந்தக் காரையும் ஒரே ஓட்டத்தில் தீர்ப்பிட்டு அனுப்பிவிடக் கூடாது. பன்னிரண்டு கார்கள் என்றால் பன்னிரண்டு ஓட்டங்கள் வைக்கலாம். முதல் ஓட்டத்தில் 1, 2, 3, 4 எண்ணுள்ள கார்கள் முறையே நான்கு பாதைகளில். அடுத்ததில் 2, 3, 4, 5. அதற்கடுத்து 3, 4, 5, 6. இப்படியே சுற்றி வந்தால், பன்னிரண்டாம் ஓட்டத்தில் 12, 1, 2, 3 என்று முடியும். ஒவ்வொரு காரும் நான்கு முறை ஓடும். ஒவ்வொரு பாதையிலும் ஒரே ஒரு முறை. முதலிடத்துக்கு 1, இரண்டாவதுக்கு 2 என்று எண் இட்டுக் கூட்டினால், குறைந்த கூட்டுத்தொகை பெற்றவர் வென்றவர். பாதையில் எஞ்சிய சிறு குறை இருந்தாலும் அது எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்டுவிடும். வேளாண்மைச் சோதனைகளில் நிலத்தின் வளமும் வறட்சியும் விதையின் மதிப்பைக் கெடுக்காதிருக்க ரொனால்டு ஃபிஷர் கையாண்ட 'லத்தீன் சதுரம்' என்ற முறைக்கும் இதுவே அடிப்படை எண்ணம். அவருடைய சோதனை அமைப்பு நூல் 1935-இல் வெளிவந்தது. புள்ளியியல் பயிலும் நண்பர்கள் அதை வகுப்பில் படித்திருப்பார்கள். விடுதி உணவுக்கூடத்தில் அதற்கு வேலை இருக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்!

முடிவுக் கோட்டில் கண்ணை மட்டும் நம்ப வேண்டா. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது அங்கே ஏறக்குறைய 2 அங்குலம். கோட்டுக்கு நேர் மேலே கைப்பேசியை நிறுத்தி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் பதிவு செய்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கார் நகர்வது 2 சென்டிமீட்டர்தான். சச்சரவுக்கு இடமிராது.

மறு ஓட்டம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடத்தைப் பழுதுபார்த்து, முளைகள் செருகி, பாதைகளை மாற்றி மாற்றிச் சோதித்தபின், வீடு வீடாகச் சென்று குழந்தைகளை மீண்டும் அழைத்தோம். பரிசு வாங்கிய பையனின் தந்தைக்கு இது சற்று வருத்தம்தான். "முடிந்துபோனதை ஏன் தம்பி கிளறுகிறீர்கள்?" என்றார். பையனோ, "நான் மறுபடியும் ஜெயிப்பேன், பாருங்க அப்பா" என்று காரை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தான்.

மேற்சொன்ன முறைப்படி பன்னிரண்டு ஓட்டங்கள் நடந்தன. அவன் சொன்னபடியே அவனே வென்றான். மஞ்சள் கார் மூன்றாவதாக வந்தது. முடிவை அறிவித்ததும் அந்தச் சிறுமியிடம் சென்று, "என்னம்மா, இப்போது பாதை சரியா?" என்று கேட்டோம். அவள் குனிந்து மூன்றாம் பாதையின் பொருத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"இப்ப சரி, அண்ணா" என்றாள். "அடுத்த தடவை வண்டியைத்தான் சரிபண்ணணும்."

தடம் இப்போது விடுதிக் கிடங்கில் நான்கு துண்டுகளாக இருக்கிறது. வரும் விடுமுறையில் மீண்டும் மாட்டுவோம். கைவேலையில் விருப்பமுள்ள மன்ற நண்பர்கள் உப்புத்தாளும் பொறுமையும் கொண்டு வந்து சேர்ந்துகொள்ளலாம்.